யூனியாவின் முதுகுவலி

எங்கள் ஊர் லுகாயாவில், பேருந்து நின்றதும் விற்க ஓடுகிற பெண்களில் யூனியா அக்கா மட்டும் எம்பிக் குதிக்க மாட்டாள். அதற்கு அவசியமே இருக்காது, அவ்வளவு உயரம். நாங்களெல்லாம் சுட்ட கோழி செருகிய குச்சிகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஜன்னலுக்குக் கீழே நின்று கத்திக்கொண்டிருப்போம். அவளோ ஜன்னலுக்கு நேராக முகத்தை வைத்து, உள்ளே தூங்கி வழிகிற ஆளைக் கண்ணோடு கண் பார்த்துப் பேசுவாள்.

"ஐயா, மசாக்கா வரைக்கும் இப்படியே பட்டினியா போறதா உத்தேசமா? பக்கத்துல உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்காவது ஒரு தொடை வாங்கிக் கொடுங்க. முகத்தைப் பாருங்க, பாவமா இருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவருடைய மனைவியா, யாரோ ஒருத்தியா என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் பேருந்து முழுக்கச் சிரிக்கும், அந்த ஆளும் கூச்சத்தோடு வாங்கிவிடுவார்.

என் பெயர் தமாலி. என் அடுப்பும் அவள் அடுப்பும் பக்கத்துப் பக்கத்தில். நான் பெரும்பாலும் வாழைக்காய் சுடுவேன், அவள் கோழி. வாங்குகிறவர்கள் இரண்டையும் சேர்த்துக் கேட்பார்கள் என்பதால் எங்களுக்குள் போட்டி கிடையாது. அவள் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள்.

அவள் பிறந்தது லுகாயாவில்தான். கல்யாணமாகிப் போனது கியோத்தெராவில் கசிரியே என்பவனுக்கு. வெகுகாலம் குழந்தையில்லாமல் இருந்து, முப்பத்தொரு வயதில் உண்டானாள். வலி எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் கருப்பை கிழிந்து குழந்தை இறந்துவிட்டது. உள்ளே சீழ் வைத்து, மறுபடியும் வயிற்றைத் திறந்து, கருப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பிழைத்து எழுந்ததே பெரிய காரியம் என்றார்கள். அதற்குப் பிறகு உடம்பில் என்னென்ன மாறும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. பிழைத்தவளிடம் சொல்ல வேறென்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் கதையை எப்போது கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வாள்.

"வீட்டைக் காலி பண்ணிட்டாங்க தமாலி. சாமான், கதவு, நிலை, எல்லாம். வெறும் சுவரு மட்டும் நிக்குது."

கசிரியே ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தான். பிறகு வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் சண்டை போடவில்லை. ஒரு பெட்டியும் சுருட்டிய பாயுமாகத் தம்பி எரியாவின் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். எரியாவுக்கு மூன்றாவதாகப் பெண் பிறந்திருந்தது. பால் மறந்ததும் அந்தக் குழந்தையைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்தான். எங்கள் பக்கத்தில் தம்பியின் பெண் அத்தைக்கும் பெண்தான், அதனால் அதை யாரும் தியாகம் என்று பேசவில்லை. பெயர் பிருங்கி. அன்றிலிருந்து அவள் அத்தையின் பாயில்தான் படுத்தாள். பள்ளிக்கூடச் சீருடை, சுரத்துக்குக் கஷாயம், முதல் மாதவிலக்கின்போது சொல்ல வேண்டிய புத்தி, எல்லாமே அத்தைதான்.

நான் அடுப்பு போட வந்த புதிதில் ஒன்றைக் கவனித்தேன். நல்ல மழை நாளில்கூட யூனியா அக்காவுக்குத் திடீரென்று முகம் சிவந்து வியர்த்துக் கொட்டும். தலைத்துணியை அவிழ்த்து விசிறிக்கொள்வாள்.

"என்னக்கா, நாங்க அடுப்பை வெளியில வச்சிருக்கோம், நீ உள்ளேயே வச்சிருக்கியா?" என்பேன்.

"உனக்குக் கரி செலவு. எனக்கு அது மிச்சம்" என்பாள்.

அதற்கு மேல் நாங்கள் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. கரி நெருப்பின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு வியர்ப்பதில் என்ன அதிசயம்?

ஐம்பது நெருங்கும்போது ஒருநாள், லாரி ஒன்று ஒதுங்கி வந்ததால் சாலையிலிருந்து மண்ணுக்கு இறங்கினாள். இறங்கியதில் சற்றே தடுமாறிக் கையை ஊன்றினாள். அவ்வளவுதான், மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. அப்படி விழுந்தால் என் பேரப்பிள்ளை துடைத்துக்கொண்டு எழுந்து ஓடும். எலும்பு கட்டுகிறவரிடம் போய் நாணல் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். கை கூடியது, கொஞ்சம் கோணலாக.

அடுத்த வருஷம் தையல்காரனோடு ஒரு சண்டை. திருவிழாவுக்குத் தைத்த கோமெசி, கணுக்கால் வரைக்கும் வந்து இடுப்பில் கச்சை கட்டுகிற எங்கள் உடுப்பு, தரையில் புரண்டது.

"பழைய அளவுக்குத் தைடான்னு சொன்னேன். நாலு விரல் கூட விட்டிருக்க. தெருவைப் பெருக்கவா கட்டிக்கிட்டுப் போறேன்?"

"அம்மா, பழைய கோமெசியைப் பக்கத்துல வச்சுத்தான் வெட்டினேன். அதைக் கட்டிப் பாருங்க, அதுவும் புரளும். துணி வளருமா?"

வீட்டுக்கு வந்து பழையதைக் கட்டினாள். அதுவும் புரண்டது. அவள் அதைத் துவைத்துத் துவைத்துத் துணி இளகிவிட்டது என்று முடிவு கட்டினாள்.

பிறகு ஒருநாள், பேருந்து வந்து நின்றபோது நான் பார்த்தேன். யூனியா அக்கா நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தாள். குச்சியை உயர்த்திப் பிடித்த கை ஜன்னலின் விளிம்பைத்தான் தொட்டது. உள்ளே இருந்தவர் குனிந்து, "யாரும்மா கீழே?" என்றார். அவள் குச்சியை இறக்கிக்கொண்டு அடுப்புக்குத் திரும்பி வந்தாள்.

"இப்ப வர்ற பஸ்ஸெல்லாம் ரொம்ப ஒசரமா கட்டுறானுங்க" என்றாள்.

"ஆமாக்கா" என்றேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஓடுவதிலும் பின்தங்கினாள். பேருந்து நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். சின்னப் பெண்கள் முந்திக்கொண்டு போவார்கள். "ஓடுங்கடி, ஓடுங்க, நானும் ஒரு காலத்துல ஓடினவதான்" என்று பின்னாலிருந்து திட்டுவாள்.

கரி மூட்டையைத் தூக்கிய அன்று எல்லாம் வெளியில் வந்தது. பெரிய மூட்டைகூட இல்லை, பாதி காலியானது. குனிந்து தூக்கினவள், "ஐயோ" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்தாள். முதுகுக்குள் ஏதோ காய்ந்த சுள்ளி மாதிரி முறிந்தது தனக்கே கேட்டது என்று பிறகு சொன்னாள். எரியாவும் நானும் அவளை வேனில் படுக்க வைத்து மசாக்காவுக்குக் கொண்டுபோனோம்.

அங்கே அவளைப் பார்த்தது டாக்டர் நலுமான்சி என்ற இளம் பெண். சிரிக்காத முகம், ஆனால் பேச்சில் அவசரம் கிடையாது. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு மாதவிலக்கு எந்த வயசுல நின்னுச்சு?"

யூனியா அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, "முதுகுக்கு வந்திருக்கேன் டாக்டர்" என்றாள்.

"முதுகுக்காகத்தான் கேக்குறேன்."

"முப்பத்தொண்ணுல. எல்லாத்தையும் எடுத்துட்டாங்க."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். படத்தை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்படி பிடித்தார்.

"இது முதுகெலும்பு. நல்லா வெள்ளையா தெரியணும். பாருங்க, பனி மூடின மாதிரி மங்கலா இருக்கு. இங்க ஒண்ணு நசுங்கியிருக்கு. மேலே இன்னும் ரெண்டு, அது பழசு. நீங்க குட்டையாயிட்டே வந்திருப்பீங்களே, கவனிக்கலையா?"

"பஸ்ஸைத்தான் ஒசரமா கட்டுறாங்கன்னு நினைச்சேன்" என்றாள் யூனியா அக்கா.

அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை. டாக்டரும் சிரிக்கவில்லை.

"சினைப்பையில சுரக்கிற ஒண்ணுதான் பொம்பளைங்க எலும்புக்குக் காவல். அதை எடுத்துட்டா எலும்பு சீக்கிரமே தேய ஆரம்பிச்சிடும். ஆனா அது எலும்புக்கு மட்டும் காவல் இல்லைம்மா. இதோ, முதுகெலும்புக்கு முன்னாடி ஒரு வெள்ளைக் கோடு தெரியுதா? இது ரத்தக்குழாய். இது படத்துல தெரியவே கூடாது. எலும்புல இருக்க வேண்டிய சுண்ணாம்பு அங்க குறைஞ்சு போச்சு, இருக்கக்கூடாத இந்தக் குழாய்ச் சுவர்ல படிஞ்சிருக்கு. இப்படி இருக்கிறவங்களுக்கு இதயத்தையும் பார்க்கணும். எல்லாருக்கும் ஆபத்து வரும்னு நான் சொல்லலை. ஆனா பார்க்காம விடக்கூடாது. நடந்தா மூச்சு வாங்குதா?"

"பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடுறவ டாக்டர் நான். மூச்சு வாங்காம எப்படி?"

"நெஞ்சு வலி?"

"முதுகு வலிக்குது. அந்த வலியில வேற எது வலிச்சா எனக்குத் தெரியப்போகுது?"

டாக்டர் மாத்திரை எழுதினார். இடுப்புக்குப் பட்டை கொடுத்தார். இதயப் பரிசோதனைக்கு இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை வரச் சொன்னார். "கண்டிப்பா வாங்க" என்று இரண்டு தடவை சொன்னார்.

திரும்பி வரும் வழியில், பட்டையைக் கட்டிக்கொண்டு வேனில் சாய்ந்திருந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"கையை உடைச்சுக்கிட்டப்ப இவகிட்ட வந்திருந்தா பல்லைப் புடுங்கியிருப்பா போல. முதுகைக் காட்டினா நெஞ்சைக் கேக்குறா."

எரியாவும் சிரித்தான். நானும் சிரித்தேன். முறிந்தது முதுகு, அது தெரிகிறது, படத்தில் காட்டினார்கள். இதயம் துடித்துக்கொண்டுதானே இருந்தது.

அந்த வியாழக்கிழமை அவள் போகவில்லை. காரணம் பிருங்கி. மித்யானாவில் வேலை பார்க்கிற ஒரு பள்ளிக்கூட வாத்தியார் பிருங்கியைக் கேட்டிருந்தான், இரண்டு வீட்டிலும் சம்மதம். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வந்து முறையாக அறிமுகம் ஆகிற சடங்கு அந்தச் சனிக்கிழமைக்கு வைத்திருந்தது. எங்கள் வழக்கப்படி அந்தச் சடங்கில் அப்பா அம்மா வெறுமனே உட்கார்ந்திருப்பார்கள். எல்லாம் அத்தைதான். பெண்ணை வெளியே அழைத்து வருவது, கூட்டத்துக்குள் மாப்பிள்ளையை அடையாளம் காட்டுவது, பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டுப் பதில் சொல்வது, எல்லாமே அவள் பொறுப்பு. அந்த வாரம் முழுக்க வீட்டில் வாழைத்தார் வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. கூடைகள், பாய்கள், இரவல் வாங்கிய பெரிய பானைகள். "டாக்டரம்மா எங்க ஓடப்போறா? அடுத்த வாரம் போறேன்" என்றாள்.

எரியாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒருநாள் எல்லோரும் வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தபோது மெல்ல ஆரம்பித்தான்.

"அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோபப்படக்கூடாது. கியோத்தெரா சித்தப்பா பொண்ணு இருக்காளே, அவளும் பிருங்கிக்கு அத்தை முறைதான். அன்னைக்கு ஒருநாள் அவ உன் இடத்துல நிக்கட்டும். நீ உள்ளே உட்கார்ந்து சொல்லு, அவ செய்வா."

யூனியா அக்கா கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவளா? பிருங்கிக்குச் செவப்பு பிடிக்குமா, பச்சை பிடிக்குமா, அவளைக் கேட்டுச் சொல்லு பார்ப்போம். காது குத்தினப்ப யார் மடியில உட்கார்ந்து அழுதான்னு கேளு."

"முதுகு உடைஞ்சிருக்குக்கா. எத்தனை தடவை மண்டி போடணும், எத்தனை தடவை எழுந்திருக்கணும்!"

"நான் எழுந்திருக்க முடியலைன்னா தூக்கி விட நீங்க யாரும் இல்லையா?"

பிருங்கி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, நீங்க நாற்காலியில உட்காருங்க. உடம்பு சரியில்லைன்னு, சடங்குல நம்ம வீட்டுக்காகப் பேசுற பேச்சாளர்கிட்ட முன்னாடியே சொல்லிடலாம். யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

"நான் நினைப்பேன்டி" என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது. "உனக்கு நான் ஒண்ணும் பெத்துப் போடலை. இதுதான் எனக்கு இருக்கு. இதையும் வேற ஒருத்திக்குக் கொடுக்கச் சொல்லாதீங்க."

கத்தியை எடுத்து மறுபடியும் வாழைக்காய் உரிக்க ஆரம்பித்தாள்.

சனிக்கிழமை பந்தல் நிறைந்துவிட்டது. இரண்டு வீட்டுப் பேச்சாளர்களும் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டிருந்தார்கள். "நீங்க எங்க வீட்டுக்கு வழி தவறி வந்துட்டீங்கன்னு நினைக்கிறேன், இங்க பொண்ணு இல்லை, கோழிதான் இருக்கு" என்று எங்கள் ஆள் சொல்ல, "கோழியோட வாசனைக்குத்தான் மித்யானாவுல இருந்து நடந்தே வந்தோம்" என்று அவர்கள் ஆள் திருப்பிச் சொல்ல, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே யூனியா அக்கா வெளியே வந்தாள். பச்சைக் கோமெசி, அதன் ஓரத்தை மடித்துத் தைத்திருந்தாள். இடுப்புக் கச்சைக்கு உள்ளே அந்தப் பட்டை. பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டு, நேராக நிமிர்ந்து, கணீரென்று பேசினாள். மாப்பிள்ளை வீட்டார் வரிசைக்குப் போய், எல்லா முகங்களையும் நிதானமாகப் பார்த்து, வேண்டுமென்றே இரண்டு கிழவர்கள் முன்னால் நின்று சந்தேகப்படுவது போல நடித்து, கடைசியில் அந்த வாத்தியார் பையனின் கையைப் பிடித்தாள். கைதட்டல் காதைப் பிளந்தது. எத்தனையோ சடங்குகள் பார்த்திருக்கிறேன், அவ்வளவு அழகாக அத்தை வேலை செய்தவளைப் பார்த்ததில்லை.

உள் அறைக்கு வந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. வியர்வை கழுத்து வழியாக ஓடியது.

"தமாலி, முதுகுல பிசையுது. இங்க, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல."

வாழையிலையை நெருப்பில் வாட்டிக் கொண்டுவந்து ஒத்தடம் கொடுத்தேன். பாயில் படுத்துக்கொண்டாள்.

"தாடையும் வலிக்குது. பல்லெல்லாம் கழண்டு வர்ற மாதிரி இருக்கு."

"பல்லைக் கடிச்சுக்கிட்டே அத்தனை தடவை மண்டி போட்டா வலிக்காம?" என்றேன்.

கொஞ்சம் வாந்தி எடுத்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அதனால்தான் என்று இன்னொருத்தி சொன்னாள். எங்கள் எல்லோருக்கும் காரணம் கையிலேயே இருந்தது. முறிந்த முதுகு, மண்டி போட்ட முழங்கால், வெறும் வயிறு. சற்று நேரத்தில் அவளே எழுந்து உட்கார்ந்தாள். முகத்தைக் கழுவி, மாப்பிள்ளை வீட்டுப் பெண்களை வழியனுப்ப வாசல் வரைக்கும் போய்விட்டு வந்தாள்.

மறுநாள் காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. மூச்சு சிறிது சிறிதாக வந்தது. எரியா பைக் பிடித்துக்கொண்டு வந்தான். நான் பின்னால் உட்கார்ந்து அவளைத் தாங்கிக்கொண்டேன். பக்கத்துச் சுகாதார நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒருவர்தான் இருந்தார். நல்ல மனுஷர்தான். இடுப்புப் பட்டையைப் பார்த்தார், எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், நேற்று நடந்ததைக் கேட்டார்.

"உடைஞ்ச முதுகை வச்சுக்கிட்டு மண்டி போட்டீங்களா? உங்களை என்ன சொல்றது அம்மா!"

"என் பொண்ணுக்கு டாக்டர்" என்றாள் யூனியா அக்கா.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே வலிக்கு ஊசி போட்டார். படுத்தே இருக்க வேண்டும், திங்கட்கிழமை மசாக்காவுக்குப் போய் முதுகைக் காட்ட வேண்டும் என்றார். நெஞ்சை யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, அவளைப் பொறுத்தவரை வலித்தது முதுகுதான்.

எரியா வேன் பார்க்கப் போனான். வெளியே மாமரத்தடி பெஞ்சில் அவளைச் சாய்த்து உட்கார வைத்தேன். தலையை என் தோளில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பையன் சரியா சாப்பிட்டானா?"

"எந்தப் பையன்?"

"மாப்பிள்ளைடி. கூச்சத்துல தட்டை அப்படியே வச்சிட்டான். நான் பார்த்தேன். வேர்க்கடலைக் குழம்பு அவனுக்கு ரொம்பப் பிடிக்குமாம், பிருங்கி சொன்னா."

"சாப்பிட்டான்க்கா. நான் ரெண்டாவது தடவை போட்டேன்."

"நல்லது" என்றாள். பிறகு, "நல்ல பையன்" என்றாள்.

தோளில் பாரம் கூடியது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எரியா வேனோடு வந்து, "அக்கா, ஏறு" என்று கையைப் பிடித்தான். பிடித்த கையை அவன் விடவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

எரியாவின் வாழைத் தோட்டத்தில், அவர்களுடைய அப்பாவுக்குப் பக்கத்தில் அவளைப் புதைத்தோம். பந்தல் இன்னும் பிரிக்காமல் இருந்தது. சடங்குக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அதே பந்தலுக்குத் திரும்பி வந்தார்கள். மித்யானாவிலிருந்து அந்தப் பையனும் வந்து, எங்கள் ஆட்களோடு சேர்ந்து குழி வெட்டினான்.

பிருங்கி அழவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து என்னிடம் வந்து, "மசாக்காவுக்கு வர்றீங்களா?" என்றாள். போனோம். டாக்டர் நலுமான்சி எங்களை அடையாளம் கண்டுகொண்டார்.

"அவங்க வரலையே? அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பார்த்தேன்."

பிருங்கி எல்லாவற்றையும் சொன்னாள். தோள்பட்டைகளுக்கு நடுவில் வலி, தாடை, வாந்தி, வியர்வை, மூச்சு. ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்ல டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாரடைப்புதான்" என்றார். "பொம்பளைங்களுக்கு நிறைய தடவை இப்படித்தான் வருது. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்தாத்தான் இதயம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இவங்களுக்கு முதுகு வேற ஏற்கெனவே உடைஞ்சிருந்தது. அதனால யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது."

"வியாழக்கிழமை வந்திருந்தா?"

"தெரியலைம்மா. கண்டுபிடிச்சிருக்கலாம். மருந்து கொடுத்திருக்கலாம். பிழைச்சிருப்பாங்கன்னு சத்தியம் பண்ண முடியாது."

"எலும்பும் நெஞ்சும் ஒண்ணுன்னு சொன்னீங்களாம். வேன்ல வர்றப்ப எல்லாரும் சிரிச்சாங்களாம்."

"ஒண்ணு இல்லை. ஆனா ரெண்டுக்கும் ஒரே இடத்துல இருந்துதான் தேய்மானம் ஆரம்பிச்சது, அவங்க முப்பத்தொரு வயசுல. அன்னைக்கே யாராவது சொல்லியிருக்கணும்."

அங்கேதான் பிருங்கி அழுதாள். டாக்டரின் மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டு, வெளியே காத்திருந்த நோயாளிகள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதாள். டாக்டர் அவளை எழுப்பவில்லை. கதவை மட்டும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அறுவடை முடிந்த பிறகு கடைசிச் சடங்கை வைத்தார்கள். அன்றைக்குத்தான் இறந்தவருக்கு வாரிசு நியமிப்பார்கள். பெண்ணுக்குப் பெண்தான் வாரிசு, அதுவும் அவள் குலத்துப் பெண்ணாக இருக்க வேண்டும். யூனியா அக்காவுக்குப் பிருங்கியைத் தவிர வேறு யாரை நிறுத்துவது? காலையில் அவளை வாசலில் பாயின் மேல் நிற்க வைத்து, மரப்பட்டைத் துணியை மேலே போர்த்தி, கையில் ஒரு கத்தியும் கூடையும் கொடுத்தார்கள். குலப் பெரியவர் சத்தமாகச் சொன்னார்: "யூனியா சாகவில்லை. இதோ நிற்கிறாள். இனி இவளை இவள் பெயரால் அல்ல, யூனியாவின் முறையால் அழையுங்கள்."

ஒவ்வொருவராக வந்து முறை சொல்லி விசாரித்தார்கள். கியோத்தெரா சித்தப்பாவின் பெண், "வா அக்கா" என்றாள். பிருங்கியின் கூடப்பிறந்தவர்கள், அவளைவிட மூத்த இரண்டு பேரும், அவள் முன்னால் மண்டியிட்டு, "அத்தை, சௌக்கியமா?" என்றார்கள்.

எரியாவின் முறை வந்தது. அவன் பெற்ற பெண் அவள். தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த பெண். அவன் அவள் முன்னால் வந்து நின்றான். கூட்டம் காத்திருந்தது. குலப் பெரியவர் மெதுவாக, "சொல்லுப்பா" என்றார்.

"அக்கா" என்றான் எரியா.

பிருங்கி தன் அப்பாவைப் பார்த்தாள். அத்தை சொல்ல வேண்டிய பதில் என்னவென்று அவளுக்குத் தெரியும். அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"என்ன தம்பி," என்றாள், "இளைச்சுப் போயிட்டியே. சாப்பிடுறது இல்லையா?"

எரியா அப்படியே மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அந்த மரப்பட்டைத் துணி சரிந்து விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பிருங்கி குனிந்து அவன் தலையில் கையை வைத்தாள்.